வீட்டுத் தூய்மையும் ஊர்த் தண்ணீரும்: சவுக்காரத்தின் வரலாறு

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூலில், நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் கடமையை விரித்துரைக்குமிடத்து, பொதுக் குளியலகமாகிய ஹம்மாமில் நிகழும் தவறுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூறுகிறார்கள். அவற்றுள் ஒன்று இது. ஒருவர் குளித்து முடித்துவிட்டு, இலந்தைத் தழைத் தூளையோ வழுக்கும் சவுக்காரத்தையோ தரையில் அப்படியே விட்டுச் செல்கிறார். பின்னால் வருகிறவர் அதில் வழுக்கி விழுந்து கால் முறிந்து போகிறது. ஈட்டுத்தொகை கொடுக்கக் கடமைப்பட்டவர் யார்? விட்டுச் சென்றவரா? தரையைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டிய ஹம்மாம் பொறுப்பாளரா? இமாமவர்கள் இரு பக்கத்தையும் சீர்தூக்கிப் பார்க்கிறார்கள். முதல் நாளில் விபத்து நேர்ந்தால் விட்டுச் சென்றவரே பொறுப்பு. நாள்தோறும் துப்புரவு செய்வது வழக்கமாகையால், மறுநாளும் அது அங்கேயே கிடந்தால் பொறுப்பாளரே பதில் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஹிஜ்ரி 505ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1111இல் மறைந்த அப்பெருமகனார் எழுப்பிய இவ்வினா, மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு சிறு சட்டச் சிக்கல்தான். ஆயின் அதனுள் பொதிந்திருக்கும் கருத்து பெரிது. அழுக்கு நம் உடலைவிட்டு நீங்கிய மாத்திரத்தில் நம் கடமை தீர்ந்துவிடுவதில்லை. அழுக்கைப் போக்கிய பொருள் எங்கே போய்ச் சேருகிறது, யாரை வழுக்கி விழச் செய்கிறது என்பதும் நம்மைச் சார்ந்ததே. இன்று நம் வீடுகளில் துணி துவைக்கவும், பாத்திரம் துலக்கவும், தரை கழுவவும் பயன்படுத்தும் பொருள்களைப் பற்றி எண்ணிப் பார்க்க இதைவிடச் சிறந்த தொடக்கம் நமக்குக் கிடைத்தல் அரிது. சவுக்காரம் எங்கிருந்து வந்தது, எப்படி மாறியது, அம்மாற்றம் தண்ணீரை என்ன செய்தது என்ற வரலாற்றைச் சற்றே பின்தொடர்ந்து செல்வோம்.

சாம்பலும் எண்ணெயும்

சவுக்காரம் என்பது இரண்டு பொருள்களின் கூட்டு. ஒன்று எண்ணெய் அல்லது கொழுப்பு, மற்றொன்று காரம். இக்காரத்திற்கு ஐரோப்பிய மொழிகள் இன்றும் வழங்கும் ‘அல்கலி’ என்ற பெயர் அரபுச் சொல்லே. ‘அல்கிலீ’ அல்லது ‘அல்கலீ’ என்பது உவர் நிலத்தில் வளரும் சில செடிகளை எரித்தெடுத்த சாம்பலின் பெயர். உள்நாட்டு மரங்களின் சாம்பலில் பொட்டாசியக் காரம் மிகுந்திருக்கும். அதைக் கொண்டு காய்ச்சிய சவுக்காரம் களிபோல் குழைவாக இருக்கும். கடலோரத்திலும் பாலை உவர் நிலத்திலும் முளைக்கும் செடிகளின் சாம்பலிலோ சோடியக் காரம் மிகுதி; அதனால் காய்ச்சியது கட்டியாக இறுகும். வெட்டி அடுக்கி, ஒட்டகத்தில் ஏற்றித் தொலைதூரம் கொண்டுசெல்லத்தக்க கட்டிச் சவுக்காரம் ஷாம் நாட்டில் பெருந்தொழிலாகச் செழித்ததற்கு அங்கிருந்த ஒலிவ மரமும் உவர் நிலச் செடியுமே காரணம்.

பைத்துல் முகத்தஸில் பிறந்த புவியியல் அறிஞர் அல்முகத்தஸி, ஏறத்தாழ கி.பி. 985இல் தாம் எழுதிய நூலில், பாலஸ்தீனத்திலிருந்து வெளியூர்களுக்குச் செல்லும் சரக்குகளை வரிசைப்படுத்தும்போது ஒலிவம், உலர்ந்த அத்தி, திராட்சை ஆகியவற்றோடு சவுக்காரத்தையும் குறிப்பிடுகிறார். 13ஆம் நூற்றாண்டில் யமனை ஆண்ட ரஸூலி வம்சத்து சுல்தான் அல்முளஃப்பர் யூசுப், கைத்தொழில்களைப் பற்றித் தாம் இயற்றிய நூலில் சவுக்காரம் காய்ச்சும் முறைக்கும் இடம் கொடுத்தார். அரசர் ஒருவர் எழுதுகோலெடுத்து எழுதத் தகுந்த கலையாக அது மதிக்கப்பட்டது.

நாபுலுஸ் நகரத்துப் பட்டறைகளில் இத்தொழில் நடந்த விதத்தை வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியுள்ளனர். ஜோர்தான் ஆற்றுக்குக் கிழக்கிலிருந்த நிலங்களிலிருந்து பதவீகள் செடிச் சாம்பலை ஒட்டகங்களில் ஏற்றி வருவார்கள். அதைச் சுண்ணாம்போடு சேர்த்து இடித்து, வெந்நீர் ஊற்றிக் காரநீர் இறக்குவார்கள். அந்நீரையும் ஒலிவ எண்ணெயையும் பெருங் கொப்பரையில் இட்டு நாள்கணக்கில் காய்ச்சுவார்கள். எண்ணெய் பிழிந்தபின் எஞ்சிய ஒலிவப் பிண்ணாக்கே அடுப்புக்கு எரிபொருள். காய்ச்சிய குழம்பை மாடித் தளத்தில் பரப்பி, ஆறியபின் வெட்டி, கூம்பு வடிவக் கோபுரங்களாகக் காற்றோட்டம் விட்டு அடுக்கி உலர்த்துவார்கள். ஹலப் எனப்படும் அலெப்போ நகரத்தில் இதனோடு ‘கார்’ என்ற மரத்துக் காயின் எண்ணெயையும் சேர்ப்பது வழக்கம். அங்கே ஆறு முதல் ஒன்பது மாதம் வரை உலர விடுவதால், மேற்புறம் பொன்னிறமாகவும் உட்புறம் பச்சையாகவும் அது மாறும். 2012 முதல் நடந்த போரில் ஹலப் நகரத்துப் பட்டறைகள் பல சிதைவுற்றன. எனினும் இக்கலை அழியவில்லை. ஹலப் சவுக்காரக் கலையையும் நாபுலுஸ் சவுக்காரக் கலையையும் 2024ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

இத்தொழிலில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. செடி, எண்ணெய், சுண்ணாம்பு, பிண்ணாக்கு என்று உள்ளே போன பொருள்கள் அனைத்தும் மண்ணோடு மண்ணாகக் கலக்கக் கூடியவை. ஹம்மாமிலிருந்து வழிந்தோடிய சவுக்கார நீரை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் எளிதில் சிதைத்துவிட்டன. அதற்காக அக்காலத்தைப் பொற்காலமென்று நாம் போற்ற வரவில்லை. நல்ல சவுக்காரம் விலை மிகுந்தது. எல்லா வீட்டுக்கும் அது எட்டவில்லை. எளிய குடும்பங்கள் இலந்தைத் தழையையும் களிமண்ணையும் சாம்பலையும் கொண்டே காலம் தள்ளின.

நம் பாட்டிமாரின் அலமாரி

தமிழகத்திலும் நிலைமை ஏறத்தாழ அதுவே. தலைக்குச் சீயக்காயும் அரப்பும், பட்டுத் துணிக்கும் நகைக்கும் பூந்திக்கொட்டை, பித்தளைக்குப் புளி, பானை சட்டிக்கு அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பொருள் வகுத்து வைத்திருந்தார்கள். சலவைத் தொழிலாளர் ஆற்றோரத்து உவர்மண்ணை அள்ளி வந்து துணியில் ஏற்றி வெள்ளாவி வைத்தார்கள். உவர்மண்ணில் இருப்பதும் ஷாம் நாட்டுச் செடிச் சாம்பலில் இருப்பதும் அடிப்படையில் ஒரே சோடாக் காரம்தான். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சபோனின் என்ற இயற்கை நுரைப்பொருள் இருக்கிறது. வேதியியல் நூலைப் படிக்காமலே அனுபவத்தால் தேர்ந்த அறிவு இது. எனினும் அந்த அறிவின் சுமையைத் தாங்கியவர்கள் நம் பெண்மக்களும் சலவைத் தொழிலாளருமே என்பதை மறக்கலாகாது. இடித்து, ஊறவைத்து, கசக்கி, கல்லில் அடித்து அவர்கள் கைகள் காய்த்துப் போயின. பின்னாளில் வந்த தூள்களை மக்கள் ஆவலுடன் ஏற்றுக்கொண்டதற்கு அந்தக் கைகளே காரணம்.

அரபுச் சொல் தாங்கிய ஆங்கிலச் சட்டம்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் துணி ஆலைகளும் கண்ணாடிச் சூளைகளும் சவுக்காரப் பட்டறைகளும் பெருகின. ஸ்பெயின் நாட்டுக் கடற்கரைச் செடிச் சாம்பலும், ஸ்காட்லாந்தின் கடற்பாசிச் சாம்பலும் அவற்றின் பசிக்குப் போதவில்லை. பிரான்சு நாட்டு மருத்துவரான நிக்கொலா லெப்லாங்க், சாதாரண உப்பிலிருந்தே சோடா எடுக்கும் வழியைக் கண்டு 1791இல் உரிமம் பெற்றார். உப்பைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கி, பின்பு சுண்ணாம்புக் கல்லும் நிலக்கரியும் கூட்டி உலையிலிட்டால் சோடா பிறந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் தொழிற்சாலையைப் பறிகொடுத்த லெப்லாங்க் 1806இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் கண்ட முறையோ இங்கிலாந்தில் பெருந்தொழிலாயிற்று. சோடா மலிந்தது, சவுக்காரம் மலிந்தது. பதவீகளின் ஒட்டகங்கள் சுமந்த சாம்பலுக்கு மதிப்புக் குறைந்தது. நாபுலுஸ் கொப்பரைகளிலும் காலப்போக்கில் தொழிற்சாலைச் சோடா குடிபுகுந்தது.

சவுக்காரம் மலிந்ததால் ஏழை வீட்டிலும் தூய்மை எட்டியது. இது மறுக்க முடியாத நன்மை. ஆனால் சோடாவோடு கூடவே பிறந்தது ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை. உயர்ந்த புகைபோக்கிகள் வழியாக அதை வானில் விட்டார்கள். அது ஈரத்தோடு கலந்து இறங்கி, சுற்று வட்டாரத்து மரங்களைக் கருக்கியது, பயிரை அழித்தது, இரும்புக் கருவிகளை அரித்தது. உலைகளின் அருகே குவிந்த கழிவு மேடுகளிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வீசியது. ஊரார் உடுத்தும் துணியை வெளுக்க ஒரு வட்டாரத்தின் காற்றும் மண்ணும் விலையாயின.

மக்களின் முறையீடு நாடாளுமன்றம் வரை சென்றது. 1863ஆம் ஆண்டில் ‘அல்கலிச் சட்டம்’ பிறந்தது. அமிலப் புகையில் நூற்றுக்கு 95 பங்கையாவது ஆலைகள் பிடித்து நிறுத்த வேண்டுமென்று அது விதித்தது. இதை மேற்பார்க்க நியமிக்கப்பட்ட முதல் அதிகாரி ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற வேதியியலார். மழைநீரை ஆராய்ந்து ‘அமில மழை’ என்ற சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தவரும் அவரே. காற்று மாசைத் தடுக்க ஒரு நாடு இயற்றிய தொடக்ககாலச் சட்டங்களில் ஒன்று, பாலைவனத்துச் செடிச் சாம்பலின் அரபுப் பெயரைத் தாங்கி நிற்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும்.

அச்சட்டத்தின் விளைவு இன்னும் விந்தையானது. பிடித்து நிறுத்திய அமிலத்தை என்ன செய்வது என்று எண்ணிய ஆலைக்காரர்கள், அதிலிருந்து குளோரின் எடுத்துச் சலவைத் தூள் செய்து விற்றார்கள். நேற்றுவரை காற்றில் விட்ட நஞ்சு, இன்று காசு தரும் சரக்காயிற்று. 1860களில் பெல்ஜியத்தின் எர்னஸ்ட் சால்வே கண்டறிந்த வேறொரு முறை, அந்த அமிலப் புகையே இல்லாமல் சோடா தந்தது. லெப்லாங்கின் உலைகள் படிப்படியாக அணைந்தன. ‘இதற்கு வேறு வழியில்லை’ என்று உற்பத்தியாளர் சொல்வது பெரும்பாலும் ‘வேறு வழியை இன்னும் தேடவில்லை’ என்பதன் மறுபெயரே என்று இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.

நுரை பொங்கிய ஆறுகள்

சவுக்காரத்திற்கு ஒரு குறை உண்டு. உவர்ப்பும் கடினமுமான தண்ணீரில் அது நுரைக்காது. சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து திரிந்து, துணியில் சாம்பல் நிறப் படிவாக ஒட்டிக்கொள்ளும். கடற்கரை ஊர்களின் கிணற்று நீரில் துவைத்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் உலகப்போரில் கொழுப்புக்குப் பஞ்சம் வந்தபோது ஜெர்மானிய வேதியியலார் மாற்றுப்பொருள் தேடத் தொடங்கினர். 1930களில் செயற்கைச் சலவைப் பொருள்கள் கடைக்கு வந்தன. 1946இல் அமெரிக்காவில் ‘டைட்’ வெளியாயிற்று. கடின நீரிலும் வெளுக்கும் இத்தூள்கள் ஓரிரு பத்தாண்டுகளில் சவுக்காரத்தைத் துணித்தொட்டியிலிருந்து வெளியேற்றிவிட்டன.

வந்த வேகத்திலேயே இரு தீங்குகள் தலைகாட்டின. முதலாவது நுரை. அக்காலத் தூள்களில் இருந்த நுரைப்பொருளின் மூலக்கூறு, கிளை விட்ட சங்கிலியாக அமைந்திருந்தது. நுண்ணுயிர்களால் அதைக் கடித்துத் தின்ன இயலவில்லை. கழிவுநீர் நிலையங்களிலும் ஆறுகளிலும் வெண்ணுரை மலைபோல் பொங்கியது. சில ஊர்களில் கிணற்று நீரும் குழாய் நீரும் நுரைத்தன. மேற்கு ஜெர்மனி 1961இல் சட்டம் இயற்றி, 1964 முதல் இத்தகைய நுரைப்பொருளில் 80 விழுக்காடாவது சிதையக் கூடியதாக இருக்க வேண்டுமென விதித்தது. 1965இல் அமெரிக்க உற்பத்தியாளர்களும் கிளையற்ற நேர்ச்சங்கிலிப் பொருளுக்கு மாறினர். நுரை மலைகள் அடங்கின.

இரண்டாவது தீங்கு கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. நீரின் கடினத்தைத் தணிக்கத் தூளில் பாஸ்பேட் சேர்த்தார்கள். சில தூள்களில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகவே அது இருந்தது. பாஸ்பேட் என்பது பயிருக்கு இடும் உரம். வயலில் அது நெல்லை வளர்க்கும். ஏரியில் பாசியை வளர்க்கும். பாசி பெருகி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குறைந்து மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே கிடக்கும் ஈரி ஏரி செத்துவிட்டது என்றே 1960களில் பேசப்பட்டது. பழி பாஸ்பேட்டின் மீது அல்ல என்று வாதிட்டோரும் இருந்தனர். 1973இல் கனடாவின் டேவிட் ஷிண்ட்லர் ஒரு சிற்றேரியைத் திரையால் இரண்டாகப் பிரித்தார். இரு பாதியிலும் கரிமச் சத்தும் தழைச்சத்தும் இட்டார். ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரசும் சேர்த்தார். அந்தப் பாதி மட்டும் பச்சைப் பசேலென்று பாசியால் மூடியது. வானூர்தியிலிருந்து எடுத்த அந்தப் படம், நூறு நூல்களால் தீராத வாதத்தைத் தீர்த்து வைத்தது.

அதற்கு முன்பே 1970இல் கனடா தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தியிருந்தது. 1972இல் இரு நாடுகளும் பேரேரிகளின் நீர்த் தூய்மைக்காக உடன்படிக்கை செய்துகொண்டன. கழிவுநீர் நிலையங்களும் செம்மையாயின. ஈரி ஏரி உயிர் பெற்றது. ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுச் சலவைத் தூளுக்கான பாஸ்பரஸ் வரம்பை 2013ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் நடைமுறைப்படுத்தியது. ஆயினும் கதை அத்தோடு முடியவில்லை. வயல்களிலிருந்து வழிந்தோடும் உரத்தால் ஈரியில் மீண்டும் பாசி பெருகி, 2014 ஆகஸ்டில் டொலிடோ நகரத்து மக்கள் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் சில நாள்கள் குழாய்த் தண்ணீரைப் பருக முடியாமல் தவித்தனர். ஒரு கதவை அடைத்தால் போதாது. தண்ணீருக்குத் திறந்திருக்கும் எல்லாக் கதவுகளையும் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டுக் கதை

இந்தியாவில் 1959இல் ‘சர்ஃப்’ வந்தது. 1969இல் அகமதாபாத்தில் தொடங்கிய ‘நிர்மா’வின் மஞ்சள் தூள், எளியோரும் வாங்கும் விலையில் ஊரூராகப் பரவியது. நம் தாய்மாரின் உழைப்புப் பாதியாகக் குறைந்தது. ஆனால் மேல்நாடுகளில் தூளோடு கூடவே கழிவுநீர் நிலையங்களும் வளர்ந்தன. இங்கே தூள் முந்திக்கொண்டது, நிலையங்கள் பின்தங்கிவிட்டன.

அதன் பலனைப் பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியில் உலகமே கண்டது. 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கிருந்து பொங்கிய நுரை சாலையில் பறந்து வண்டிகளை மூடியது. இங்கே ஓர் ஐயம் எழலாம்: சிதையக்கூடிய நேர்ச்சங்கிலிப் பொருளுக்கு உலகம் மாறிவிட்டதே, பின்னும் நுரை ஏன்? அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்களுக்கு உயிர்வளி வேண்டும். சாக்கடை நிரம்பி உயிர்வளி அற்றுப்போன ஏரியில் அவை செயலற்றுப் போகின்றன. ‘மக்கும் தன்மையுடையது’ என்று உறையில் அச்சிட்டிருப்பது உண்மையே ஆனாலும், மக்குவதற்கு இடம் கொடாத நீரில் அது மக்காது. பெல்லந்தூரின் நீர் தென்பெண்ணையில் சேர்ந்து தமிழகத்திற்குள் நுழைகிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் மழைக்காலங்களில் நுரை பொங்கி வரும் செய்தியைப் பத்திரிகைகளில் நாம் பலமுறை படித்திருக்கிறோம். ஒரு நகரத்துக் குளியலறையில் விட்டது, இன்னொரு மாநிலத்து உழவரின் வாய்க்காலில் வந்து நிற்கிறது. 2019 டிசம்பரில் சென்னைக் கடற்கரையிலும் நுரை ஒதுங்கியது. அதில் குழந்தைகள் விளையாடும் காட்சியைப் படமாகக் கண்டு பதறினோம்.

கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் தீர்ப்பை இங்கே பொருத்திப் பார்ப்போம். முதல் நாள் பொறுப்பு விட்டுச் சென்றவருடையது. மறுநாள் பொறுப்பு ஹம்மாமை நடத்துபவருடையது. வீட்டில் எதை வாங்குகிறோம், எவ்வளவு கொட்டுகிறோம் என்பது நம் பொறுப்பு. கழிவுநீரைத் தூய்மை செய்யாமல் ஏரியில் விடுவது ஊரை ஆள்வோரின் பொறுப்பு. அவர்கள் செய்யவில்லை என்று நாம் கைகழுவுவதும் தகாது. வீட்டார் திருந்தினால் போதுமென்று அவர்கள் ஒதுங்குவதும் தகாது. அல்கலிச் சட்டமும் ஜெர்மானியச் சட்டமும் இல்லாமல் வீட்டாரின் நல்லெண்ணம் மட்டுமே அந்த ஆறுகளை மீட்டிருக்க முடியாது. மக்கள் முறையிடாமல் அச்சட்டங்கள் பிறந்திருக்கவும் முடியாது.

வீட்டார் செய்யத்தக்கவை

இனி, நம் கையில் இருப்பவற்றைப் பார்ப்போம். முதலாவது, அளவு. நுரை மிகுந்தால் அழுக்கு மிகுதியாகப் போகும் என்பது தவறான நம்பிக்கை. உறையில் சொன்ன அளவுக்கு மேல் இடும் தூள் துணியை வெளுப்பதில்லை. அலசுவதற்கு இன்னும் இரண்டு வாளித் தண்ணீரைக் கேட்கிறது. தூள் குறைந்தால் தண்ணீரும் காசும் சேர்ந்தே மிச்சமாகின்றன.

இரண்டாவது, உறையைப் படித்தல். பாஸ்பேட் அற்றது என்று குறிப்பிட்டிருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம். சுற்றுச்சூழலுக்கு இணக்கமான வீட்டுப் பொருள்களுக்கென ‘ஈகோமார்க்’ என்ற முத்திரையை நம் அரசு 1991இல் ஏற்படுத்தி, மண்பானையை அதன் சின்னமாக வைத்தது. சவுக்காரமும் சலவைத் தூளும் அதில் இடம்பெற்றன. 2024இல் அத்திட்டத்திற்குப் புதிய விதிகள் வகுக்கப்பட்டன. கடைக்காரரிடம் இம்முத்திரையைக் கேட்டு வாங்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. கேட்பார் இல்லாத சரக்கைக் கடைக்காரர் வைத்திருப்பாரா?

மூன்றாவது, பழைய பொருள்களில் பயன்படுபவற்றை மீட்டெடுத்தல். அன்றாடத் துணிக்குக் கட்டிச் சவுக்காரமும் சிறிது சலவைச் சோடாவும் போதும். கடின நீரில் சோடா முந்திச் சென்று சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். பித்தளைக்குப் புளியும், தண்ணீர்க் கறைக்கு எலுமிச்சையும், எண்ணெய்ப் பிசுக்குக்கு வெந்நீரும் இன்றும் குறைவின்றி வேலை செய்கின்றன. ஆனால் ‘இயற்கையானது’ என்பதாலேயே தீங்கற்றது என்று கொள்ளலாகாது. பூந்திக்கொட்டையின் நுரை மீனுக்கு நஞ்சு. அதைக் குளத்தில் கரைத்து மீன் பிடித்தவர்களும் உண்டு. எனவே எந்த நுரைநீரையும் குளத்திலோ கிணற்றடியிலோ கொட்டலாகாது.

நான்காவது, உயிரைக் காக்கும் எச்சரிக்கை. கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றுசேர்க்கக் கூடாது; சேர்ந்தால் குளோரின் நச்சுக்காற்று கிளம்பும். செப்டிக் தொட்டி உள்ள வீட்டார் இவற்றை அடிக்கடி ஊற்றினால், கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மடிந்து தொட்டியே வீணாகும். ஐந்தாவது, உறை. கிள்ளி எறியும் சிறு பாக்கெட்டுகளுக்குப் பதிலாகப் பெரிய அளவில் வாங்கி, ஜாடியில் நிரப்பிப் பயன்படுத்தினால் நம் தெருச் சாக்கடை அடைபடுவது குறையும்.

பள்ளிவாசல் தண்ணீர்

தூய்மைக்கு ஈமானில் பாதி இடம் கொடுத்த மார்க்கம் நம்முடையது. அத்தூய்மைக்குக் கருவியாகிய தண்ணீரை அது எவ்வளவு மதித்தது என்பதையும் கருத வேண்டும். நிறமும் மணமும் சுவையும் அசுத்தத்தால் மாறிய தண்ணீரில் ஒளு கூடாது என்பது சட்டமேதைகளின் ஒருமித்த கருத்து. மக்கள் நீர் எடுக்குமிடத்தையும், நடக்கும் பாதையையும், இளைப்பாறும் நிழலையும் அசுத்தம் செய்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகத் தடுத்தார்கள். ஓடும் ஆற்றின் கரையில் அமர்ந்து ஒளுச் செய்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்ற கருத்துடைய நபிமொழி இப்னு மாஜாவில் பதிவாகியுள்ளது. அவர்கள் ஒளுவுக்குப் பயன்படுத்திய அளவு ஒரு ‘முத்து’ என்று அனஸ் (ரளி) அறிவிக்கிறார்கள். இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு அது. இன்று குழாயைத் திறந்துவிட்டு ஒளுச் செய்யும் நாம், முகம் கழுவி முடிப்பதற்குள் அதைப்போல் பன்மடங்கு நீரை ஓடவிடுகிறோம்.

பள்ளிவாசலில் ஒளுச் செய்து வழியும் நீரில் சவுக்காரம் கிடையாது. அதைச் சாக்கடையில் விடாமல் ஒரு வாய்க்கால் வெட்டித் தென்னைக்கும் வேம்புக்கும் திருப்பிவிட ஜமாஅத்தார் நினைத்தால் ஒரு வாரத்து வேலை. வீட்டில் பாத்திரம் துலக்கிய நீரையும், பாஸ்பேட் கலவாத பொருளால் துவைத்துக் கடைசியாக அலசிய நீரையும் வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம். குடும்பத் தலைவிகள் மாதச் சாமான் பட்டியல் எழுதும்போது இரண்டு பொருள்களை மாற்றினாலும் அது தொடக்கமே. ஊராட்சியிலும் நகராட்சியிலும் உறுப்பினராக இருப்போர், தம் ஊர்க் கழிவுநீர் எந்தக் குளத்தில் போய் விழுகிறது என்று ஒருநாள் நடந்து சென்று பார்த்து வரட்டும். பார்த்தபின் அவையில் எழுந்து கேட்கட்டும்.

நாம் வெளுத்து உடுத்திய துணியோடு தொழுகைக்கு நிற்கிறோம். அந்த வெண்மைக்காக ஆற்றின் கீழ்ப்புறத்தில் எவருடைய கிணறும் கறுத்துவிடவில்லை என்ற மனநிறைவும் நமக்கு வேண்டும். அல்லாஹ் அதற்கு நல்லருள் புரிவானாக!